பழைய எம்எக்ஸ்-5 எடுப்பதா, புதியதா?

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அக்கா மகன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினான். சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார். முதல் தலைமுறை, அதை என்ஏ என்பார்கள்; அடுத்தடுத்த தலைமுறைகள் என்பி, என்சி, என்டி. முன்விளக்கு இரண்டும் மேலே எழும்பி நிற்கின்றன. "மாமா, இதை எடுக்கலாமா?" என்றான். நான்கு வருடத்துக்கு மேல் அதே காரை ஓட்டியவன் நான். ஆனாலும் உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று இரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் காரைப் பார்க்கும் முன் சிஓஇயைப் பார்க்க வேண்டும். காரை 10 ஆண்டு வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ் அது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2015இல் நான் வாங்கிய என்ஏ, 1994இல் பதிவானது. விற்றவர் "சிஓஇ புதுப்பித்தாகிவிட்டது" என்றார், நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அது 5 ஆண்டுப் புதுப்பிப்பு. 10 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடியும் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதோடு முடிந்தது, கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பதிவை நீக்கித்தான் ஆக வேண்டும். 2019இல் ஒரு காலைப்பொழுது, கூரையைத் திறந்துபோட்டு லிம் சூ காங் சாலையில் கடைசியாக ஒரு முறை போய்விட்டு, அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால், விற்பவரை ஒன்மோட்டரிங் என்ற அரசு போக்குவரத்துத் தளத்தில் வண்டி விவரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிஓஇ முடியும் தேதி என்ன, புதுப்பித்தது 5 ஆண்டுக்கா 10 ஆண்டுக்கா, இதையெல்லாம் உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். புதுப்பித்த காருக்கு, பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் பார்ஃப் கழிவு கிடையாது, அதனால் கொடுக்கிற விலை கிட்டத்தட்ட முழுவதும் கரைந்துபோகும். உதாரணத்துக்கு 60,000 வெள்ளி விலை, 40 மாதம் பாக்கி என்றால், மாதம் 1,500 வெள்ளி. இதன் மேல் சாலை வரிக்கு கூடுதல் கட்டணம் வேறு: 10 வயது தாண்டியதும் 10 விழுக்காடு, ஆண்டுக்கு ஆண்டு ஏறி 14 வயதுக்கு மேல் 50 விழுக்காடு. பரிசோதனையும் 10 வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை.

ஜப்பானிலிருந்து நல்ல என்ஏ ஒன்றை இறக்கிக்கொள்ளலாமே என்று அக்கா மகன் கேட்டான். முடியாது. இறக்குமதி செய்கிற பழைய கார் 3 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 35 வயதான காரை கிளாசிக் திட்டத்தில் பதியலாம், ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். ஆக, தினமும் ஓட்ட என்ஏயோ என்பியோ வேண்டும் என்றால் ஏற்கெனவே இந்தத் தீவில் இருக்கிற சில வண்டிகளுக்குள்தான் தேட வேண்டும்.

சரி, இப்போது காருக்கு வருவோம்.

1989இல் வந்த என்ஏ 940 கிலோ அளவுதான். 1.6 லிட்டர், 115 குதிரைத்திறன். எண்களாகப் பார்த்தால் இன்றைய குடும்பக் காருக்கும் இது ஈடில்லை. ஆனால் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒன்றாகக் கட்டிப்போடும் ஒரு அலுமினியச் சட்டம், கைக்கு அடக்கமான சின்ன கியர் தண்டு. குதிரையும் வீரனும் ஒன்றாவது என்ற பொருளில் 'ஜின்பா இத்தாய்' என்று மாஸ்டாக்காரர்கள் சொல்வார்கள். ஓல்ட் அப்பர் தாம்சன் சாலை வளைவுகளில், 1973 வரை கிராண்ட் பிரி கார் பந்தயம் நடந்த அதே சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்திலேயே அது புரிந்துவிடும். அந்தச் சுகத்தை வேறு எந்த வண்டியிலும் நான் இந்த அளவுக்கு உணர்ந்ததில்லை.

1998இல் வந்த என்பிக்கு நிலையான விளக்கு, பின்பக்கம் கண்ணாடி ஜன்னல். இந்தக் கண்ணாடி நம் ஊருக்குப் பெரிய விஷயம். என்ஏயின் பிளாஸ்டிக் ஜன்னல் வெயிலில் மஞ்சளாகி, மழை நாளில் பின்னால் வருகிற லாரியே தெரியாது. 2001க்குப் பிந்தைய 1.8 இன்ஜினில் வால்வு நேரத்தை மாற்றும் வசதியும் உண்டு. என் கையில் இப்போது இருப்பது அதுதான். கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்பவருக்கு என்பியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இந்த இரண்டையும் பார்க்கப் போகும்போது, பெருமழை பெய்த மறுநாள் போங்கள். இருக்கைக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். கூரை மடங்கும் இடத்தில் இரு பக்கமும் வடிகால் துளை இருக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய காரில் அந்தச் சின்ன இலைகள் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போக வழியில்லாமல், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரைத் துளையில் ஊற்றுங்கள், பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே வழிய வேண்டும். அந்த இடத்தில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பெயின்டுக்குக் கீழே துருவை மறைக்கப் பூசிய புட்டி.

அப்புறம் பானட். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். கறுப்பாக இருந்தால் நல்லது, பழுப்பாகிவிட்டால் வெடிக்கிற நாள் நெருங்கிவிட்டது. டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ரசீது கேளுங்கள். 1991 வரை வந்த 1.6 என்றால் இன்ஜின் முன்பக்கம் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியில் உள்ள வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் முனை குட்டையான கிராங்க், அது தேய்ந்துபோகும் ரகம். எட்டு இருந்தால் கவலையில்லை. ஏசியைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். கிளட்ச் மிதி தரையோடு ஒட்டினால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது, பயப்பட வேண்டாம், சின்ன வேலைதான். குளிர்ந்த கியர்பாக்ஸில் இரண்டாவது கியர் முதல் சில நிமிடம் முரண்டுபிடிப்பதும் சகஜம்.

2005இல் வந்த என்சியைப் பலர் ஒதுக்குகிறார்கள். கொஞ்சம் பெருத்துவிட்டது என்பது உண்மைதான், 1,100 கிலோ அளவு. ஆனால் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், உள்ளே இடம் அதிகம், 2006 முதல் தானாக மடியும் கெட்டிக் கூரையும் கிடைத்தது. 12 வினாடியில் மூடிக்கொள்ளும், பூட் இடத்தையும் தின்னாது. பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் நிறுத்துகிறவருக்கு அந்தக் கூரை ஒன்றே போதும் என்பேன். ஆயில் டிப்ஸ்டிக்கை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

2015இல் வந்த என்டி, என்ஏயை விடவும் நீளம் குறைவு. எடையையும் 1,000 கிலோ பக்கம் மறுபடி இறக்கிவிட்டார்கள். ஸ்டீயரிங் மட்டும் மின்சாரத்துக்கு மாறிவிட்டது. சாலை கையில் பேசுவது என்பியில் கூடுதல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் தினமும் பிஐஇ விரைவுச்சாலையில் வேலைக்குப் போக ஒரே கார் என்றால் என்டிதான். பக்கவாட்டு ஏர்பேக், வழுக்காமல் பிடிக்கும் கட்டுப்பாடு, நம்பி ஏறலாம். முடிந்தால் 2018க்குப் பிந்தைய 2.0 பாருங்கள். 184 குதிரைத்திறன், ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுக்கலாம். தொடக்க ஆண்டுகளின் 2.0 மேனுவலில் சிலருக்கு கியர்பாக்ஸ் கோளாறு வந்ததுண்டு, மாற்றிய விவரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அக்கா மகன் 183 சென்டிமீட்டர் உயரம். அந்தச் சிவப்பு என்ஏயில் உட்கார்ந்தபோது அவன் முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது, பார்வை முன்கண்ணாடியின் மேல் சட்டத்தில் இடித்தது. அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அவன் இருப்பது பொங்கோலில், வண்டி நிற்பது மொட்டை மாடியில், வேறு கார் இல்லை. தை மாதத்தில் அவனுக்கு ஒரு என்சி கிடைத்தது, 2008இல் பதிவானது. 10 ஆண்டுக்குப் புதுப்பித்தது, முடியும்போது மறுபடி புதுப்பிக்கலாம். அதற்கான பணத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறான். மழைக்கு மறுநாள்தான் போய்ப் பார்த்தோம். வலப்பக்க வடிகால் அடைத்திருந்தது. மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுக் குடைந்ததும் ஒரு கைப்பிடி இலை வந்தது. தண்ணீர் ஊற்றினோம், இரண்டு பக்கமும் வழிந்தது. தரைவிரிப்புக்குக் கீழே உலர்ந்துதான் இருந்தது.