வீட்டுக் கணக்குக்கு ஒரு சிட்டை, ஒரு பேரேடு, அப்புறம் ஒரு "தெரியல"

நான் திருச்சில ஒரு ஹார்ட்வேர் கடைல கணக்கு பாக்கறேன், பதினோரு வருஷம் ஆச்சு, பகல் பூரா டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்தான். சாயங்காலம் கல்லாவ எண்ணும்போது பத்து ரூபா உதைச்சாலும் அது எங்க போச்சுன்னு கண்டுபுடிக்காம கெளம்ப மாட்டேன். ஆனா வீட்டுல? 20ந் தேதிக்கு மேல பேங்க் பேலன்ஸ தொறந்து பாக்கவே பயந்துட்டு இருந்தேன், சம்பளம் வந்துச்சு, போச்சு, நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா முழிப்பேன். ஊரான் கணக்கு டேலி ஆகுது, நம்ம கணக்கு ஆகலன்னு வீட்டுக்காரர் வேற கிண்டல்.

முயற்சி பண்ணாம இல்ல. மூணு ஆப் போட்டேன், எக்செல்ல 24 தலைப்பு வெச்சு கலர் கலரா ஷீட் போட்டேன், ஒரு வருஷம் ஜனவரி 1 அன்னிக்கு டைரி ஆரம்பிச்சு மாட்டுப்பொங்கலோட நின்னு போச்சு. எஸ்எம்எஸ்ஸ படிச்சு தானா கணக்கு போடற ஆப் ஒண்ணு இருந்துச்சு, அது மளிகைக்கடை அண்ணாச்சிக்கு போன காசையும் என் தங்கச்சிக்கு அனுப்புன காசையும் ஒரே மாதிரி "டிரான்ஸ்ஃபர்"னு போட்டு வெச்சுது, ஏன்னா அண்ணாச்சி க்யூஆர் அவரு பேர்லயே இருக்கு, அதுக்கு அவரு கடைக்காரர்னு எப்படி தெரியும் பாவம்.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு, எங்க கடைல கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி முதலாளியோட அப்பா என்ன பண்ணாரோ அதையே வீட்டுல பண்ணிப் பாப்போமேன்னு. அவரு கிட்ட ரெண்டு புக்கு. ஒண்ணு சிட்டை, அன்னன்னிக்கு நடக்கறத நடந்த வரிசைல கிறுக்கி வெக்கறது, அழகு வேண்டாம், தலைப்பு வேண்டாம். இன்னொண்ணு பேரேடு, அதுல ஆற அமர உக்காந்து சிட்டைல இருக்கறத தலைப்பு வாரியா பிரிச்சு ஏத்தறது. நான் இத்தனை வருஷம் பண்ண தப்பு இந்த ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல பண்ண பாத்ததுதான், காய்க்கடைல ஒரு கைல பை, ஒரு கைல போன், பின்னாடி கூட்டம், இதுல கேட்டகிரி செலக்ட் பண்ணுன்னா யாரு பண்ணுவா.

இப்ப என்னோட சிட்டை வாட்ஸப். நமக்கு நாமளே மெசேஜ் அனுப்பிக்கற வசதி இருக்குல்ல, அந்த சாட்ட மேல பின் பண்ணி வெச்சுருங்க. காசு கைய விட்டு போன ஒடனே தொகைய மொதல்ல போட்டு பக்கத்துல ஒரே வார்த்தை. என்னோட ஒரு செவ்வாக்கெழமை இப்படித்தான் இருக்கும்:

64 பால்
30 பஸ்
185 காய்
40 பூ
20 டீ
500 லைட்ல போட்டது
350 சின்னவன் டாக்டர்
212 மாத்திரை

அவ்ளோதான். மறந்துட்டா ராத்திரி படுக்கும்போது போடுங்க, அப்பவும் மறந்துட்டா விட்டுருங்க, அத புடிக்க வேற வழி இருக்கு, கீழ சொல்றேன்.

அந்த "லைட்ல போட்டது" என்னன்னு கேப்பீங்க. யூபிஐ லைட். பின் நம்பர் போடாம சின்ன சின்ன தொகை அனுப்பலாம், ரொம்ப வசதி, ஆனா கணக்கு எழுதறவங்களுக்கு இது ஒரு பொறி. நீங்க பேங்க்லேர்ந்து லைட்டுக்கு 1000 ரூபா ஏத்துனது மட்டும்தான் பாஸ்புக்ல ஒரு வரியா வரும், அந்த ஆயிரத்துல பத்து பத்தா டீ, வடை, ஆட்டோன்னு நீங்க அனுப்பறது எதுவும் பாஸ்புக்ல தனித்தனியா வராது, ஆப்புக்குள்ள போய் பாத்தாத்தான் உண்டு. பாஸ்புக்க பாத்து கணக்கு போட்டுக்கலாம்னு நெனைச்சவங்க எல்லாம் இங்கதான் வழுக்கி விழுவாங்க, நானும் விழுந்தேன். அதனால லைட்ட இன்னொரு பர்ஸ்னு நெனைச்சுக்கோங்க. ஏத்துறது செலவு இல்ல, ஒரு பர்ஸ்லேர்ந்து இன்னொரு பர்ஸுக்கு மாத்துறது. அதுலேர்ந்து வெளிய போறதுதான் செலவு.

இப்ப பேரேடு. இதுக்கு ஒரு 80 பக்க நோட்டு போதும், என் பெரியவளோட போன வருஷத்து நோட்டுல மிச்சம் இருந்த பக்கத்துலதான் நான் எழுதறேன். வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கெழமை மத்தியானம் சாப்ட்டுட்டு தூங்கப் போறதுக்கு முன்னாடி, இருவது நிமிஷம். தலைப்பு ஏழுக்கு மேல வெக்காதீங்க. என்னோடது: வீடு, சாப்பாடு, புள்ளைங்க, போக்குவரத்து, வைத்தியம், ஆசை, தெரியல. வாடகை, கரண்டு, கேஸ், நெட்டு எல்லாம் வீடு. பால்லேர்ந்து பிரியாணி வரைக்கும் சாப்பாடு, ஹோட்டல்ல சாப்ட்டது மட்டும் ஆசைல போயிரும். பூவ எதுல போடறதுன்னு ஒரு மாசம் யோசிச்சேன், கடைசில சாப்பாட்டுல போட்டுட்டேன், யாரு ஆடிட் பண்ண போறா.

ஏழாவது தலைப்புதான் இதுல உயிர். டேலில சஸ்பென்ஸ்னு ஒண்ணு உண்டு, எங்கேர்ந்து வந்துச்சு எதுக்கு போச்சுன்னு புரியாத தொகைய தற்காலிகமா அதுல தள்ளி வெச்சுட்டு மேற்கொண்டு வேலைய பாப்போம். வீட்டுல அதுக்கு பேரு "தெரியல". எப்படி போடறதுன்னா, ஞாயித்துக்கெழமை உங்க கிட்ட மொத்தம் எவ்ளோ இருக்குன்னு கூட்டுங்க, பேங்க், யூபிஐ லைட், பர்ஸ், அஞ்சறைப்பெட்டில மடிச்சு வெச்ச நோட்டு உட்பட. போன ஞாயிறு 18,460 இருந்துச்சு, இன்னிக்கு 12,900 இருக்கு, நடுவுல வரவு ஒண்ணும் இல்லனா செலவு 5,560. ஆனா சிட்டைய கூட்டுனா 4,920தான் வருது. அப்ப 640 எங்க? ரெண்டு நிமிஷம் யோசிங்க, வந்தா எழுதுங்க, வரலனா "தெரியல 640", நோட்ட மூடிட்டு தூங்குங்க.

இத நான் சும்மா சொல்லல. எல்லாரும் கணக்கு எழுதறத நிறுத்தறது சோம்பேறித்தனத்துனால இல்ல, நடுவுல நாலு நாள் விட்டுப்போயி அது என்னன்னு தோண்டித் தோண்டி தலைவலி வந்து, இனிமே எழுதி என்ன பிரயோஜனம்னு மூடி வெக்கறதுனாலதான். தெரியலன்னு எழுத நோட்டுல ஒரு எடம் இருந்துட்டா அந்த தலைவலி கெடையாது. எனக்கு மொத மாசம் தெரியல 3,800 வந்துச்சு, வெக்கமா இருந்துச்சு, இப்ப ஆயிரத்த தாண்டறது இல்ல.

இதுல வீட்டுக்காரர் ஒரு தனிப் பிரச்சன. அவர எழுத வெக்க ஆறு மாசம் போராடி பாத்தேன், சண்டைதான் மிச்சம். கடைல டெலிவரி பையன் கிட்ட சில்லறை செலவுக்கு பெட்டி கேஷ்னு ஒரு தொகைய குடுத்து வெப்போம்ல, அதே மாதிரி அவருக்கு வாரம் 1,500 அனுப்பிடறேன், அனுப்புன அன்னிக்கே சிட்டைல "1500 அவரு", அதுக்கு மேல ஒரு கேள்வி கெடையாது, பெட்ரோலோ டீயோ பரோட்டாவோ அவரு பாடு. கணக்கும் சரியாச்சு, வீடும் அமைதியாச்சு.

அடுத்தது, இதுதான் நெஜமா காச தின்றது, மாசாமாசம் வராத செலவு. மாச பட்ஜெட் போடறவங்க எல்லாரும் வாடகை, மளிகை, பால்னு அழகா எழுதிட்டு ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் வந்ததும் திடீர் செலவுன்னு சொல்லுவாங்க. ஜூன் வருஷா வருஷம் வருது, இதுல என்ன திடீர்? ஒரு பேப்பர் எடுத்து அந்த மாதிரி செலவ மட்டும் எழுதுங்க. என்னோடது: ஃபீஸ், புக்கு, யூனிஃபார்ம் 28,000, தீபாவளி 15,000, பொங்கல் 6,000, வண்டி இன்சூரன்ஸும் சர்வீஸும் 4,500, அப்பா வீட்டுக்கு சொத்து வரி ரெண்டு அரையாண்டும் சேத்து 2,500, குலதெய்வம் கோயிலுக்கு போய்ட்டு வர 4,000, மொய் 12,000. கூட்டுனா 72,000. பன்னெண்டால வகுத்தா மாசம் 6,000. சம்பளம் வந்த அன்னிக்கே இந்த ஆறாயிரத்த ஏடிஎம் கார்டு இல்லாத இன்னொரு சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு தள்ளி விட்டுட்டேன்னா அது என் காசே இல்ல. தீபாவளிக்கு மட்டும் தனியா வேணும்னா பேங்க்ல ஒரு வருஷ ஆர்டி (மாசாமாசம் ஒரே தொகைய கட்டற சேமிப்பு) போட்டு, தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி முடியற மாதிரி தேதி பாத்துக்கோங்க. தெருவுல புடிக்கற தீபாவளி சீட்டுக்கு மட்டும் போகாதீங்க, எங்க தெருவுல ஒருத்தங்க ரெண்டு வருஷம் ஸ்வீட்டு, பட்டாசு, எவர்சில்வர் அண்டான்னு வாரிக் குடுத்தாங்க, மூணாவது வருஷம் புரட்டாசில வீட்ட பூட்டிட்டு போய்ட்டாங்க, எங்க அம்மா கட்டுன பதினோரு மாசமும் போச்சு. சொத்து வரிய ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் அந்தந்த மாசத்துக்குள்ள கட்டிருங்க, 5 சதவீதம் கழிவு கெடைக்கும்.

மொய்ன்னதும் ஞாபகம் வருது. எங்க வீட்டுல முப்பது வருஷமா ஒரு நாள் விடாம இருக்கற ஒரே கணக்கு மொய் நோட்டுதான். ஊரு, பேரு, தொகை, ஒருத்தருக்கு ஒரு வரி. அது ஏன் சாகலன்னு யோசிச்சு பாத்தேன், ஒவ்வொரு கல்யாணத்துக்கு கெளம்பும்போதும் யாராவது அத பொரட்டி "அவங்க நமக்கு 501 செஞ்சிருக்காங்க"ன்னு பாக்கறாங்க. எழுதனதுக்கு ஒரு உபயோகம் இருக்கு. அதனால நானும் பேரேட்ட அந்த மாதிரி பாக்க ஆரம்பிச்சேன், ஆடித் தள்ளுபடிக்கு கெளம்பும்போது போன ஆடில எவ்ளோ ஆச்சுன்னு ஒரு பொரட்டு. (ஆடில முகூர்த்தம் இல்ல, மொய் மிச்சம்னு சந்தோஷப்படறதுக்குள்ள துணிக்கடைக்காரன் வந்துடறான்.)

இனி காசு இல்லாத சமாச்சாரம். சமையக்கட்டுல மாட்டற மாச காலண்டர் இருக்குல்ல, பெரிய கட்டம் போட்டது, அத விட நல்ல பிளானர் நான் பாத்தது இல்ல, வீட்டுல எல்லாரு கண்ணுலயும் படும், சார்ஜ் எறங்காது. பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாசக் கடைசில பால்காரர் கிட்ட வாக்குவாதம் இல்ல. சிலிண்டர் மாத்துன அன்னிக்கு "கே". எங்க வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் 38லேர்ந்து 42 நாள் வரும்னு இத வெச்சுத்தான் தெரிஞ்சுது, 28வது நாள் புக் பண்ணிடறேன், பாதி இட்லில கேஸ் தீந்து போற கதை இப்ப இல்ல. ஒரு தடவை 29 நாள்ல தீந்துச்சு, சந்தேகப்பட்டு பாத்தா டியூப்ல லீக்கு, காலண்டர் இல்லனா கவனிச்சிருக்கவே மாட்டேன்.

ஈபி ஆளு ரீடிங் எடுக்க வந்த அன்னிக்கு ரீடிங்கையே கட்டத்துல எழுதிருங்க. சரியா 30 நாள் கழிச்சு நீங்களே மீட்டர்ல போய் பாருங்க. ரெண்டு மாசத்துக்கு மொத கொஞ்சம் யூனிட் இலவசம், ஆனா மொத்தம் 500ஐ தாண்டிட்டா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட் கூடறது இல்ல, கீழ் ஸ்லாப்ல (கொறைஞ்ச யூனிட்டுக்கான ரேட்ல) கெடைச்சிட்டு இருந்த சலுகையும் சேந்து போயிரும், அதனால 490க்கும் 510க்கும் பில்லுல வித்தியாசம் இருவது யூனிட் வித்தியாசம் மாதிரி இருக்காது. பாதி வழில 270 ஓடிருச்சுன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் ஏசிய ரெண்டு மணி நேரம் கொறைக்கலாம், பில்லு வந்தப்புறம் தெரிஞ்சு என்ன பண்றது.

பேப்பருக்கு ஒரு மஞ்சப்பை. ஆணில மாட்டிருங்க, வீட்டுக்குள்ள வர்ற எந்த பில்லும் சீட்டும் மொதல்ல அதுக்குள்ள, பிரிக்கறது மாசத்துக்கு ஒருக்கா. ஒரு விஷயம் மட்டும் அன்னிக்கே பண்ணணும், வாரண்டி உள்ள பொருளோட பில்ல போட்டோ எடுத்து அதே வாட்ஸப் சாட்ல "மிக்ஸி பில்"னு பேரு போட்டு அனுப்பி வெக்கறது. இப்ப வர்ற பில்லு எல்லாம் சூட்டுல அச்சாகற பேப்பர், இங்க்கே கெடையாது, நாளாக வெளுத்துரும். எங்க மிக்ஸி மோட்டார் போனப்ப பில்ல பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல வெச்சிருந்தேன், எடுத்து பாத்தா வெள்ளை பேப்பர், கடைக்காரர் என்னையும் பேப்பரையும் மாத்தி மாத்தி பாத்தாரு.

ஆரம்பிக்கறவங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க. மொத ரெண்டு வாரம் சிட்டை மட்டும், பேரேடு கூட வேண்டாம், மிச்சம் ஒவ்வொண்ணா. நடுவுல ஊருக்கு போய்ட்டீங்க, காய்ச்சல் வந்துருச்சு, மூணு வாரம் எழுதலயா, பழச தோண்டாதீங்க. குறுக்க ஒரு கோடு போடுங்க, கைல இருக்கறது மொத்தம் எவ்ளோன்னு கூட்டுங்க, கொறையறத எல்லாம் தெரியலல போடுங்க, கோட்டுக்கு கீழ இன்னிக்கு தேதிய எழுதி இன்னிக்கு பால் காசுலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க. என் நோட்டுல இதுவரைக்கும் அந்த மாதிரி ஏழு கோடு இருக்கு.