காடு காய்ந்ததா, என் கணக்கு காய்ந்ததா? செயற்கைக்கோள் படத்தில் சதுப்புக் காட்டின் ஈரம் பார்க்கும் முறை

பிப்ரவரி பிறந்தால் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் காட்டுத்தீப் புகையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். (பெயர் மாறியும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) செம்பனைக்கு அப்பால் இருப்பது ராஜா மூசா பீட் சதுப்புக் காடு. மக்காத இலையும் வேரும் நீரில் ஊறியே மண்ணான இடம். நீர்மட்டம் இறங்கினால் அங்கே மண்ணே பற்றிக்கொள்ளும். மரம் இழுக்க வெட்டிய பழைய கால்வாய்கள் இன்னும் நீரை வடிக்கின்றன. காடு எப்போது காய்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்று தேடியதில் பிறந்தது இந்தப் பதிவு. ஒரு முறை தப்பாகப் பார்த்து ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன். அந்தக் கதை மூன்றாம் படியில்.

படி 1: படம் எடுப்பது

ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்கள் கிடைக்கும் கோப்பர்னிக்கஸ் பிரௌசர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, சென்டினல்-2 செயற்கைக்கோளின் எல்2ஏ (காற்றுமண்டலத்தின் பாதிப்பை நீக்கிய) படங்களைத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். மேக அளவை 30 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்வார்கள். நான் 70 வரை விடுவேன். அந்த விழுக்காடு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் அகலமுள்ள முழுக் கட்டத்துக்கானது. உங்கள் காட்டின் மேல் மட்டும் வானம் தெளிந்திருக்கலாம். ஐந்து நாளுக்கு ஒரு முறை செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது காலை பதினொன்றரை வாக்கில். பசியாறும்போது தெளிந்திருந்த வானம் அந்நேரம் பஞ்சுப்பொதியாகிவிடும். ஓராண்டில் தேறும் படங்களை விரல்விட்டு எண்ணலாம்.

படி 2: இரண்டு பட்டைகள்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைத் திறந்து, 20 மீட்டர் படங்கள் உள்ள கோப்புறையிலிருந்து பி8ஏ (B8A), பி11 (B11) என்ற இரண்டு பட்டைகளையும் இழுத்துப் போடுங்கள். பட்டை என்றால் ஒளியின் ஓர் அலைநீளத்தில் மட்டும் எடுத்த படம். பி8ஏ பட்டை 865 நானோமீட்டர். இலையின் உள்ளமைப்பு அந்த ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். பி11 பட்டை 1610 நானோமீட்டர். இலைக்குள் இருக்கும் நீர் அதை விழுங்கிவிடும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டலால் வகுத்தால் இலையின் ஈரம் எண்ணாகக் கிடைக்கிறது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம். 1996ஆம் ஆண்டிலேயே காவோ, மெக்ஃபீட்டர்ஸ் என்ற இருவர் தனித்தனியாக ‘என்டிடபிள்யூஐ’ (NDWI, நீர்க் குறியீடு) என்ற ஒரே பெயரில் இரண்டு சூத்திரங்களை வெளியிட்டார்கள். காவோவுடையது இலை ஈரத்துக்கு. மேலே சொன்னது அந்த வகை. மெக்ஃபீட்டர்ஸின் சூத்திரம் பச்சைப் பட்டையைப் பயன்படுத்தித் திறந்த நீர்ப்பரப்பைக் காட்டும். நம் ஊரின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்கு அருமையானது, காட்டுக்கு உதவாது.

படத்தை இறக்காமலே இணையத்தில் கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்சின் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கற்பவர் கோப்பைத் தம் கையால் திறந்து, எண்ணைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கொடுத்த விலை இதோ.

படி 3: அந்த ஆயிரம்

2019 பிப்ரவரிப் படத்தையும் 2023 பிப்ரவரிப் படத்தையும் ஒப்பிட்டேன். காடு முழுவதும் ஈரம் சரிந்திருந்தது. தேநீர்க் கடையில் கைப்பேசியை நீட்டி, ‘பாருங்கள், காடு செத்துக்கொண்டிருக்கிறது’ என்று சொன்னேன். வீடு திரும்பி மறுபடி பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது: கடைத்தெருக் கூரைகளும் ஈயலம்பத்து (ஈயச் சுரங்கத்து) மணல்மேடும் முன்பைவிட ஈரமாகியிருந்தன. தகரக் கூரை எங்கே நீர் குடிக்கும்?

2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பட்டையின் எண்ணோடும் 1000 கூட்டப்பட்டு வருகிறது. ஓர் இலைப்பரப்பில் பி8ஏ 3000, பி11 1500 என்று வையுங்கள். ஈரம் 1500/4500, அதாவது 0.33. அதே இலை, அதே ஈரம். ஆயிரம் கூடினால் 4000, 2500. இப்போது 1500/6500, அதாவது 0.23. மேலே கழிந்துவிடுகிறது, கீழே தங்கிவிடுகிறது. அதனால் எல்லா மதிப்பும் பூஜ்யத்தை நோக்கி நகரும்: காடு காய்ந்தது போலவும் கூரை நனைந்தது போலவும் தெரியும்.

ஆகவே கியூஜிஐஎஸ்ஸில் படங்களைக் கணக்கிடும் கருவியான ராஸ்டர் கால்குலேட்டரில், ஆயிரம் கூட்டிய படத்துக்கு எழுத வேண்டியது:

(பி8ஏ − பி11) / (பி8ஏ + பி11 − 2000)

எர்த் எஞ்சினில் இதைச் சரிசெய்த தொகுப்பே தனியாக இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மறுநாள் அதே கடைக்குப் போய்ச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

படி 4: மேகத்தை வெட்டுவது

ஒவ்வொரு புள்ளியும் மேகமா, நிழலா, தரையா என்று எண்ணால் வகை பிரித்துக் கூடவே வரும் எஸ்சிஎல் (SCL) படத்தில் 3 மேக நிழல், 8, 9 மேகம், 10 மெல்லிய மேகம். அவற்றை நீக்குங்கள்.

பின்சேர்க்கை 1: ‘2019 படத்துக்கும் கழிக்க வேண்டுமா?’ என்று ஒரு வாசகர் கேட்டார். நல்ல கேள்வி, பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வைத்திருக்கிறார்கள். தேதியைப் பார்க்காதீர்கள். கோப்பின் பெயரில் ‘என்’ (N) எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கம் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள்.

பின்சேர்க்கை 2: வெண்மணல் மேடு ஒவ்வொரு படத்திலும் ‘மேகம்’ என்று வெட்டுப்படுவதாக இன்னொருவர் எழுதினார். பளிச்சென்ற தரையை மேகம் என்று எஸ்சிஎல் ஏமாறுவதுண்டு. மாதாமாதம் அதே இடத்தில் நிற்கும் மேகத்தை நம்பாதீர்கள்.

பின்சேர்க்கை 3: செம்பனைத் தோட்டத்தில் ஒரு கட்டம் மட்டும் திடீரென்று காய்ந்ததாகத் தெரிந்தால் வறட்சி என்று முடிவு கட்ட வேண்டாம். எனக்கு அப்படித் தெரிந்த கட்டம், முதிர்ந்த மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த இடம். அங்கே வேலை செய்யும் மாமாவிடம் ஒரு போன் போட்டதில் தெரிந்தது. இன்னொன்று: இந்த எண் இலையின் ஈரம், மண்ணுக்குள் இருக்கும் நீர்மட்டம் அல்ல. அதற்குத் துளையிட்ட பிவிசி குழாயைப் பீட் மண்ணில் இறக்கி, அளவுநாடாவால் அளந்துதான் ஆக வேண்டும்.