எக்கோ சவுண்டர் டிரான்ஸ்டியூசரை பர்ஸ்ட் முறையில் சோதிப்பது எப்படி?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கரைகளில் வள்ளத்திலிருந்து கழற்றி வரும் எக்கோ சவுண்டரில் (ஒலி அனுப்பி, எதிரொலியால் ஆழம் காட்டும் கருவி) திரை நன்றாக எரிந்தும் கடலடி தெரியவில்லை என்றால், முதலில் டிரான்ஸ்டியூசரை, அதாவது மின்சாரத்தை ஒலியாக்கித் தண்ணீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பைப் பாருங்கள். வேவ்ஃபார்ம் ஜெனரேட்டர், ஆசிலாஸ்கோப், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர்த் தொட்டி போதும். வயரைச் சவுண்டரிலிருந்து கட்டாயம் பிரித்துவிடுங்கள். சவுண்டர் அடிக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட்டை ஜெனரேட்டர் தாங்காது.

முதல் வேலை, டிரான்ஸ்டியூசர் நன்றாக அதிரும் அதிர்வெண்ணை (ரெசனன்ஸ்) கண்டுபிடிப்பது. அதற்கு எஃப்எம் மாடுலேஷன், அதாவது அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைக்கும் முறை. கேரியர் 200 கிலோஹெர்ட்ஸ் சைன், டீவியேஷன் 10 கிலோஹெர்ட்ஸ், மாடுலேஷன் வடிவம் ராம்ப், வேகம் 10 ஹெர்ட்ஸ். தொடரில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து டிரான்ஸ்டியூசர் முனையில் பார்த்தால், ரெசனன்ஸ் வரும் இடத்தில் வோல்ட்டேஜ் குழியும். குழிவே இல்லையென்றால் கிரிஸ்டல் உடைந்திருக்கலாம், கேபிளுக்குள் உப்புநீர் ஏறியிருக்கலாம்.

இனி எஃப்எம்மை அணைத்துவிட்டு பர்ஸ்ட், அதாவது சில அலைகளை மட்டும் அனுப்பி நிறுத்தும் முறை. பல கருவிகளில் இரண்டும் சேர்ந்து ஓடாது. குழிவு கிடைத்த அதிர்வெண், என்-சைக்கிள் (அலைகளின் எண்ணிக்கையைக் கொடுக்கும் முறை), 20 சைக்கிள், பர்ஸ்ட் பீரியட் 50 மில்லிவினாடி, உள் டிரிகர், தொடக்க ஃபேஸ் 0. லோட் ஹை-இசட் (அதிக மின்தடை), 20 வோல்ட் பீக்-டு-பீக். பர்ஸ்ட் தொடங்குவதைச் சொல்லும் சிங்க் வெளியீடு ஸ்கோப்பின் வெளி டிரிகருக்கு. தவறி கேட்டட் முறையில் இருந்தால், வெளி சிக்னல் வரும்வரை ஒன்றும் வராது.

பலரும் தடுமாறுவது அடுத்ததில்தான். பர்ஸ்ட் முடிந்த பிறகும் ஜெனரேட்டரின் 50 ஓம் வெளியீடு இணைந்தே இருப்பதால், சில மில்லிவோல்ட் எதிரொலியை அது விழுங்கிவிடும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, அங்கே இரண்டு 1என்4148 டையோடுகளை எதிரெதிர்த் திசையில் இணையாக வையுங்கள். பெரிய பர்ஸ்ட் கடந்துபோகும். சிறிய எதிரொலிக்கு வழி அடைபடும். முகப்பைச் சோப்புநீரால் துடைத்து இறக்குங்கள், ஒட்டிய காற்றுக்குமிழி ஒலியை மறித்துவிடும்.

ஒரு மீட்டருக்கு எதிரொலி சுமார் 1.35 மில்லிவினாடியில் வரவேண்டும். பர்ஸ்ட் நின்ற பிறகும் டிரான்ஸ்டியூசர் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த வால் 1 மில்லிவினாடி நீண்டால் முதல் 75 சென்டிமீட்டர் குருடு.

சைக்கிளைக் கூட்டினால் எதிரொலி வலுக்கும், ஆனால் துல்லியம் போகும். 20 சைக்கிள் என்பது 100 மைக்ரோவினாடி: 7.5 சென்டிமீட்டர் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். 200 சைக்கிள் வைத்தால் பாரிலிருந்து (கடலடிப் பாறை) அரை மீட்டர் மேலே நிற்கும் மீன், பாரோடு ஒட்டிய ஒரே கோடாகிவிடும். 30 பாகம் (சுமார் 55 மீட்டர்) ஆழத்துக்கு எதிரொலி திரும்ப 73 மில்லிவினாடி ஆகும். கடலில் அந்த ஆழத்தைச் சோதிப்பதானால் பீரியட் 100 மில்லிவினாடியாவது வேண்டும்.