பைபர் படகில் கறள் கறை: உராயாமல் எடுக்கும் முறை

பைபருக்குக் கறள் பிடிக்காது. கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த உடம்பு அது; அதில் இரும்பு இல்லை. வெள்ளை உடம்பில் செம்மஞ்சளாக வழிந்து நிற்கும் கோடு எங்கோ ஓர் இரும்பிலிருந்து வந்தது. அந்த இரும்பைத் தேடாமல் கறையை மட்டும் கழுவினால் கொஞ்ச நாளில் அதே கோடு அதே இடத்தில் நிற்கும். எனவே வாளியைத் தூக்குவதற்கு முன் கோடு தொடங்கும் மேல்நுனியைப் பாருங்கள்.

பெரும்பாலும் அங்கே ஒரு திருகாணியோ போல்ட்டோ இருக்கும். "எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டனாங்கள், அதெப்பிடிக் கறள் பிடிக்கும்?" என்று கேட்பார்கள். பிடிக்கும். கடைகளில் எஸ்.எஸ். என்று கிடைப்பது பெரும்பாலும் 304 வகை. அதன் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய படலம் தொடர்ந்து காற்றுப் பட்டால்தான் நிலைக்கும். வாசருக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்தில் படலம் உடைந்து உலோகம் அரிக்கிறது. கடலுக்கு ஏற்றது 316. காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம் என்று நம்பவேண்டாம்; இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, சில போல்ட்டுகள் செய்த விதத்தால் இலேசாக ஒட்டும். காந்தம் சாதாரண இரும்பைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

படகின் முன்பக்கமான அணியத்தில் நங்கூரமும் சங்கிலியும் கிடக்கும் இடம், பின்பலகையில் என்ஜின் கவ்வி நெரிக்கும் இடம் ஆகியவற்றையும் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் சிறு புள்ளிகள் உடம்பெங்கும் இருந்தால் பக்கத்தில் யாரோ கிரைண்டர் பிடித்திருக்கிறார்கள். தீப்பொறியாகப் பறந்த இரும்புத் துகள் சூட்டோடு, பைபரின் வெளிப்புறப் பிசின் பூச்சான ஜெல்கோட்டில் பதிந்து, பிறகு ஒவ்வொன்றும் கறள் பிடிக்கும்.

பக்கத்தில் எந்த உலோகமும் இல்லாமல் ஒரு மயிரிழை வெடிப்பிலிருந்து பழுப்பு நீர் கசிகிறதென்றால் அது கழுவித் தீர்க்கும் காரியம் அல்ல. உள்ளே புதைந்த போல்ட் அரிக்கிறது, அல்லது பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறிச் சாயம் விடுகிறது. ஸ்குரூ டிரைவரின் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று சொல்லும்; ஊறிய இடம் மந்தமாகச் சத்தமிடும். மந்தமாகக் கேட்டால் முதலில் பைபர் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். என்ஜினின் முழுப் பாரமும் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது.

செய்யக் கூடாதவை

ஜெல்கோட்டின் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில் வார்த்த பழைய படகுகளைப் போன்ற உடம்புகளில் வெயில் தின்றது போக அதுவும் மிஞ்சியிருக்காது. கம்பித் தூரிகையாலோ இரும்புப் பஞ்சாலோ தேய்த்தால் இரண்டு கேடு: ஜெல்கோட் கீறுப்படும், கீறலுக்குள் இரும்பின் பொடி தங்கி அடுத்த கறையை உண்டாக்கும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உரைதாளான வோட்டர் பேப்பரும் கறைக்கு மருந்தல்ல. கறை நுண்துளைகளுக்குள் இறங்கியிருக்கிறது. அது போகும்வரை தேய்த்தால் ஜெல்கோட்டே போய்விடும்.

பிளீச்சிங் பவுடர் கரைசல் பாசிக்கு நல்லது, கறளுக்கு எதிரி. அது இரும்பை மேலும் ஒட்சியேற்றிக் கறையை இறுக்கிவிடும். பிளீச்சும் அமிலமும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். படகின் உட்புறத்தில் குனிந்து வேலை செய்பவருக்கு அது உயிராபத்து. முன்பு பிளீச் போட்ட படகென்றால் நன்றாகக் கழுவி ஒரு நாள் விட்டுத்தான் அமிலத்தைத் தொடவேண்டும். கழிவறை கழுவும் திராவகம் கறளை எடுக்கத்தான் செய்யும். ஆனால் அதில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலம் பக்கத்து எஸ்.எஸ். போல்ட்டைப் பொத்தல் பொத்தலாக அரித்து, கறையின் ஊற்றைப் பெருக்கிவிட்டுப் போகும்.

எதனால் எடுப்பது

நேற்று விழுந்த இலேசான கறைக்குத் தேசிக்காய்ப்புளி போதும். பஞ்சில் நனைத்து அரை மணி நேரம் ஒட்டி வைத்துக் கழுவுங்கள். புளியோடு உப்புச் சேர்க்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். உலோகத்தை அரிப்பதே உப்புத்தான்.

பழைய கறைக்கு ஒட்சாலிக் அமிலம். மரத் தளபாடத்தின் கறையை வெளுக்கப் பயன்படும் வெள்ளைப் பளிங்குத் தூள் இது; இரசாயனப் பொருள் விற்கும் கடைகளில் கேளுங்கள். இது கறையைச் சுரண்டுவதில்லை. இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் சேர்வையாக மாற்றிவிடும். அதனால்தான் வழியும் நீர் மஞ்சட்பச்சையாகத் தெரியும். அந்த நிறம் வந்தால் வேலை நடக்கிறது.

அளவு: 1 லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம். தராசில் நிறுங்கள். அந்தத் தராசுத் தட்டோ கரண்டியோ திரும்பக் குசினிக்குள் போகக் கூடாது. நாலைந்து கோடுகளுக்கு ஒரு லீற்றரே மிஞ்சும்.

யாழ்ப்பாணத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் தண்ணீரில்தான். நம்முடைய கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. தண்ணீரில் கல்சியம் கூட. ஒட்சாலிக் அமிலம் கல்சியத்தைக் கண்டவுடன் கல்சியம் ஒட்சலேற் என்ற வெள்ளைப் பொடியாகப் படியும். அமிலத்தின் பலம் அதனால் பெரிதாகக் குறையாது. ஆனால் அந்தப் பொடி வெயில் தின்ற ஜெல்கோட்டின் துளைகளில் ஏறி, காய்ந்தபின் சாம்பல் பூத்தது மாதிரி நிற்கும். அது தண்ணீரில் கரையாது, வினாகிரியிலும் கரையாது; ரப்பிங் கொம்பவுண்ட் என்ற மினுக்கும் பசை போட்டுத் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். கடல் தண்ணீரிலும் கல்சியம் இருக்கிறது. ஆகவே மாரி மழைத் தண்ணீரைப் பரலில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரை வாங்குங்கள். பற்றரி அமிலத்தை மாற்றி வாங்கிவிடக் கூடாது. போத்தலின் பெயரை வாசித்து வாங்குங்கள்.

வேலை

காலை 8 மணிக்கு முன், அல்லது வெயில் சாய்ந்த பிறகு, நிழலில். சூடேறிய ஜெல்கோட்டில் கரைசல் உடனே காய்ந்து பளிங்காகப் படிந்துவிடும்; காய்ந்த அமிலம் கறையைத் தொடாது, காற்றில் தூளாகப் பறந்து மூக்கில் ஏறும்.

இறப்பர் கையுறை, கண்ணாடி, தூளைக் கையாளும்போது முகக்கவசம் மூன்றும் கட்டாயம். வலைகளையும் கயிறுகளையும் எடுத்துவிடுங்கள்; நைலோனுக்கு அமிலம் ஆகாது. என்ஜினையும் நாகம் (துத்தநாகம்) பூசிய பாகங்களையும் பொலித்தீனால் மூடி டேப் ஒட்டுங்கள்.

முதலில் உப்பையும் எண்ணெயையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி உலர விடுங்கள். எண்ணெய்ப் படலத்துக்கு மேல் அமிலம் வேலை செய்யாது. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். கரையும்வரை மரக்குச்சியால் கலக்குங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசி 10 நிமிடம் பாருங்கள். நிறம் மாறினாலோ மேற்பரப்பு மங்கினாலோ அது ஜெல்கோட் அல்ல, மேலே அடித்த பெயின்ற். அங்கே இந்த முறை வேண்டாம்.

தட்டையான இடத்தில் பஞ்சால் நனைத்து வைத்தால் போதும். செங்குத்தான பக்கத்தில் கரைசல் நில்லாமல் வழிந்துவிடும், அதற்குப் பசை வேண்டும். கால் லீற்றர் மழைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து அடுப்பில் கூழ்ப் பதத்துக்குக் காய்ச்சி, இறக்கி, முழுதாக ஆறவிட்டு, வேறொரு பிளாஸ்டிக் பாத்திரத்துக்கு மாற்றியபின் 12 கிராம் தூளைக் கலக்குங்கள். அமிலம் கலந்ததை அடுப்பில் வைக்கவே கூடாது. இந்தப் பசையைக் கோட்டின் மேல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் பூசி மெல்லிய பொலித்தீனால் மூடுங்கள். 15 முதல் 20 நிமிடம். ஓரம் காயத் தொடங்கினால் ஈரப்படுத்துங்கள்.

பிறகு துடைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் மங்கி இளமஞ்சளாகியிருந்தால் இன்னொரு முறை பூசுங்கள். மூன்று முறைக்குப் பிறகும் ஒரு புள்ளி அசையாமல் நின்றால் அங்கே இரும்புத் துகள் புதைந்திருக்கிறது. அதைக் கூரான பிளாஸ்டிக் முனையால் கிளறி எடுத்து மறுபடி பூசுங்கள். அமிலத்தின் அளவைக் கூட்டுவதில் பயனில்லை. நேரந்தான் வேலை செய்கிறது.

முதற் கழுவலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். மழைத் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லீற்றர் மழைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் தடவுங்கள். நுரைத்தால் அமிலம் மிச்சம் இருக்கிறது. நுரை நிற்கும்வரை தடவி, அதன்பின் கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

தோலில் பட்டால் உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தமாகுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவோடு இருந்தால் கொஞ்சம் பால் கொடுத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது பிள்ளைகளுக்கு வைக்கும் கண்ணி.

மிஞ்சிய கரைசலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நம் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். மேலே ஊற்றியது விரைவாகக் கிணற்றுக்குள் போகும். அதே சுண்ணாம்பு இங்கே கைகொடுக்கும்: 50 கிராம் தூள் கரைத்த கரைசலுக்கு 30 கிராம் நீறின சுண்ணாம்பைக் கலக்கி ஓர் இரவு விட்டால் ஒட்சலேற் வெள்ளையாக அடியில் படியும். தெளிந்ததைக் கிணற்றுக்குத் தள்ளி ஊற்றி, அடியில் நிற்பதைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். படகின் உடம்பில் சுண்ணாம்பு படவேண்டாம்.

அமிலம் பட்ட இடத்தில் பழைய மெழுகும் போயிருக்கும். அந்த இடத்தை அப்படியே விட்டால் அடுத்த கறை இன்னும் ஆழமாக இறங்கும். நன்றாகக் காய்ந்தபின் படகுக்கோ காருக்கோ போடும் கட்டி மெழுகை மெல்லிதாக இரண்டு முறை பூசி மினுக்குங்கள்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது 316 வகையில் புதிதாகப் போடுங்கள், வாசரும் நட்டும் அதே வகையில். துளையைத் துடைத்து உலர்த்தி, உள்ளே மரம் தெரிந்தால் எபொக்சியால் அடைத்து இறுகியபின் புதுத் துளை இடுங்கள். துளையின் வாயைச் சற்றுச் சரித்துக் குடைந்தால், தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையான சீலன்ட் தங்க இடம் கிடைக்கும். பொலியூரித்தேன் சீலன்டைப் போல்ட்டின் தலைக்கு அடியிலும் மரையிலும் தடவி, சுற்றிலும் இலேசாகப் பிதுங்கும்வரை முடுக்குங்கள். முதல் தடவையிலேயே இறுக்கினால் சீலன்ட் முழுவதும் வெளியே பிதுங்கி உலோகம் நேரே பைபரில் உட்காரும், தண்ணீர் மறுபடி உள்ளே போகும். மறுநாள் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கால் சுற்று முடுக்குங்கள்.