புதிய மின்னூல் பதிப்பகத்துக்குப் படைப்பை அனுப்பும் முன்

புதிதாகத் தொடங்கிய பதிப்பகத்தைப் பற்றி விசாரிக்கப் பழைய எழுத்தாளர்கள் இருக்க மாட்டார்கள். விற்பனைக் கணக்கும் இருக்காது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், முதல் புத்தகக்காரர்களைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்கள்தான். ஆனால் ‘இவர்கள் நல்லவர்களா’ என்பதைவிட, ‘நாளை இவர்கள் மூடிவிட்டால் என் புத்தகம் என்னிடம் திரும்புமா’ என்று கேளுங்கள்.

படி 1: நடத்துபவர் யார்?

‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் ஆட்களின் பெயர் இருக்க வேண்டும். ‘அனுபவம் மிக்க குழு’ என்று மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பெயர் இருந்தால் தனித்தனியே தேடி, இதற்குமுன் என்ன புத்தகங்களில் வேலை செய்தார்கள் என்று பாருங்கள். அடுத்து, இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் தேடலில் தளத்தின் டொமைன் (இணைய முகவரி) பதிவான தேதியைப் பாருங்கள். அது புதிதாக இருப்பது குறையில்லை. பத்தாண்டு அனுபவம் என்று சொல்லும் நிறுவனத்தின் தளம் மூன்று மாதத்துக்கு முன் பதிவாகியிருந்தால், அந்த இடைவெளிக்கு அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டும். தளம் முன்பு எப்படி இருந்தது என்பதை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகம் காட்டும். ஆங்கிலத்தில் இயங்கும் பதிப்பகம் என்றால், 1998 முதல் ஏமாற்று வேலைகளைப் பதிவு செய்துவரும் ‘ரைட்டர் பிவேர்’ தளத்திலும் தேடுங்கள்.

படி 2: பணம் யாரிடமிருந்து யாருக்கு?

எடிட்டிங், அட்டை, ஈபப் (மின்னூல் கோப்பு) தயாரிப்பு எல்லாம் பதிப்பகத்தின் செலவு. வாசிப்புக் கட்டணம், விளம்பரப் பங்களிப்பு, ‘ஆசிரியர் 100 பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனை, எந்தப் பெயரில் வந்தாலும் அது உங்கள் பணம்தான். கட்டணம் வாங்கிப் புத்தகம் தயாரித்துத் தருவது நேர்மையான தொழில்தான், ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்பவரிடம் போகாதீர்கள்.

படி 3: அவர்கள் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள்

இரண்டு புத்தகங்களாவது பாருங்கள். நிறுவனர் எழுதியது கணக்கில் வராது. போனில் திறந்து எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். வரிகள் தாமாக மடங்காவிட்டால், பக்கங்களைப் படமாக ஒட்டியிருக்கலாம். பொருளடக்கத்தைத் தொட்டால் அந்த அத்தியாயத்துக்குப் போக வேண்டும். தமிழ் நூலில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நின்றால், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபின் யாரும் மெய்ப்புப் பார்க்கவில்லை என்று பொருள். வெளியான தேதிகளையும் வரிசையாகப் பாருங்கள். இரண்டு பேர் நடத்தும் இடத்திலிருந்து வாரம் ஒரு நாவல் வந்தால், எடிட்டிங் நடந்திருக்க வாய்ப்பில்லை.

எல்லாப் புத்தகங்களும் கிண்டிலில் மட்டும் கிடைக்கின்றனவா? அமேசானின் கேடிபி தளத்தில் எவரும் இலவசமாகவே நூலேற்றலாம். அதற்குமேல் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கேயே உள்ள கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால், 90 நாள் தவணை முடியும்வரை அதே மின்னூலை வேறெங்கும் தர முடியாது. உங்கள் வலைப்பூவுக்கும் அது பொருந்தும்.

படி 4: ஒப்பந்தம்

அனுப்புவதற்கு முன்பே மாதிரி ஒப்பந்தம் கேளுங்கள். ‘தேர்வானால் தருவோம்’ என்பார்கள், ஆனால் தேர்வான மகிழ்ச்சியில் யாரும் நிதானமாகப் படிப்பதில்லை.

ராயல்டி எதன்மேல் என்று பாருங்கள். விலை 100, கடை 30 எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலையில் 40 சதவீதம் என்றால் உங்களுக்கு 40. பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையில் 40 சதவீதம் என்றால் 28. ‘செலவுகள் போக’ என்ற சொல் நுழைந்துவிட்டால், என்னென்ன செலவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதாதவரை அந்த 28 பூஜ்யமாகவும் ஆகலாம்.

ஒப்பந்தக் காலம் 3 முதல் 5 ஆண்டுக்குள் இருக்கட்டும். ‘காப்புரிமைக் காலம் முழுவதும்’ என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அச்சில் இல்லாமல் போனால் உரிமை திரும்பும் என்ற பழைய விதி மின்னூலுக்கு உதவாது, ஏனென்றால் கோப்பு சர்வரில் கிடக்கும்வரை புத்தகம் ‘கிடைக்கிறது’ என்றே ஆகும். ‘தொடர்ந்து 12 மாதத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும்’ என்று எண்ணைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளை மின்னூல் பதிப்பகத்துக்குத் தர வேண்டிய அவசியமே இல்லை.

திவாலானால் உரிமை தானாகத் திரும்பும் என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள், நீதிமன்றம் அதை ஏற்காமல் போகலாம். முன்கூட்டியே தப்பிக்க வழி வேண்டும்: ராயல்டி 60 நாள் தாமதமானால் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை. தவணையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பதைவிட மூன்று மாதம் நல்லது, மூடும்போது சிக்கும் தொகை குறையும். ஆல் ரொமான்ஸ் ஈபுக்ஸ் என்ற மின்னூல் கடை 2016 டிசம்பர் இறுதியில் சில நாள் அவகாசத்தில் மூடியபோது, நிலுவையில் டாலருக்கு 10 சென்ட் மட்டுமே தர முன்வந்தது.

படி 5: ஒரு மின்னஞ்சல்

மூன்று கேள்விகள் போதும்: எடிட் செய்யப்போவது யார், எந்தெந்தக் கடைகளில் வெளியாகும், விற்பனை அறிக்கையில் கடைவாரியான எண்ணிக்கை இருக்குமா. இரண்டு வாரம் காத்திருங்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் ‘இந்த வாரத்துக்குள் அனுப்புங்கள்’ என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இருந்தாலும், முழுப் பிரதியை அனுப்பாமல் முதல் மூன்று அத்தியாயங்களும் ஒரு பக்கச் சுருக்கமும் அனுப்புங்கள். அனுப்பிய தேதியையும் கோப்பையும் அவர்கள் பதிலோடு சேர்த்து ஒரே இடத்தில் வைத்திருங்கள்.