ஸ்பெக்ட்ரமில் 'ஆர்கேடியா' ஏறாமல் நின்றபோது

பெங்களூரு அல்சூரில் மாமா வீட்டுப் பரணில் கிடந்த, கேசட்டிலிருந்து நிரல்களை ஏற்றும் 1980களின் வீட்டுக் கணினியான 48கே (48 கிலோபைட் நினைவகம்) இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில், 1982இல் வெளிவந்த 'ஆர்கேடியா' என்ற விண்வெளிச் சுடும் விளையாட்டை ஆட விரும்பினேன். கணினி நன்றாகவே உயிர்பெற்றது, கேசட்தான் ஏறவில்லை. 'லோட்' கட்டளையைக் கொடுத்துப் பிளேயரை ஓடவிட்டால், திரையின் ஓரங்களில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமான பட்டைகளும், பிறகு தரவு வரும்போது நீலமும் மஞ்சளுமான மெல்லிய கோடுகளும் ஓட வேண்டும். இங்கோ மஞ்சள் கோடுகள் தோன்றிய சிறிது நேரத்திலேயே 'டேப் லோடிங் எரர்' என்று நின்றுவிடும்.

ஒலியளவை ஏற்றியும், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தும் பயனில்லை. எஸ்.பி. ரோட்டில் பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், "ஹெட் சாஞ்சிருக்கும் தம்பி, அஸிமத்தைப் பாருங்க" என்றார். நாடாவின் மீது ஹெட் நிற்கும் கோணம்தான் அஸிமத்.

ஹெட்டின் ஓரத்தில், ஸ்பிரிங் செருகிய சிறு திருகு ஒன்று இருக்கும். கேசட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கரில் கேட்டபடியே, மெல்லிய ஸ்குரூடிரைவரால் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பினேன். போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கியிருந்த இரைச்சல், ஓரிடத்தில் சட்டெனக் கூர்மையாகிக் காதைத் துளைத்தது. அதுதான் சரியான நிலை. பதிவு செய்த கருவியின் கோணத்தோடு நம் ஹெட்டின் கோணம் பொருந்தாவிட்டால் உயர் அதிர்வெண்கள் கரைந்துவிடும். பூச்சியத்தையும் ஒன்றையும் துடிப்பின் நீளத்தைக் கொண்டே பிரித்தறியும் ஸ்பெக்ட்ரம் அப்போது தடுமாறும்.

அதன்பின் 'ஆர்கேடியா' முழுதாக ஏறியது. பாய்ந்து வரும் எதிரிக் கப்பல்களுக்கு அந்த ரப்பர் விசைகள் ஈடுகொடுக்காது என்பது வேறு கதை. வேறு கருவியில் பதிவான கேசட்டுகளுக்குத் திருகை மறுபடி திருப்ப நேரலாம் என்பதால், அதன் பழைய நிலையை மார்க்கரால் குறித்து வைத்திருக்கிறேன்.