டெலோமியர் கேப்ஸ்யூல் வாங்கச் சொல்கிறார்களா? பர்ஸைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் காலை நடை போகிறவர்களிடம் முன்பெல்லாம் சுகர் மாத்திரையைப் பற்றித்தான் பேச்சு. இப்போது செல்லுக்குள் குரோமோசோமின் முனையில் இருக்கும் டெலோமியர் வந்துவிட்டது: அது நீண்டால் வயது குறையுமாம், இந்த கேப்ஸ்யூலைச் சாப்பிட்டால் அது நீளுமாம். சொல்கிறவர் பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பதால் முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் முடியாது. "டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்று காசு கொடுக்காமல் பாட்டிலை மட்டும் பார்க்க வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பாருங்கள்.

முதலில் பாட்டிலைத் திருப்புங்கள். பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் அது உணவுப் பொருள் கணக்கில் விற்கப்படுகிறது என்று பொருள். பக்கத்திலேயே, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முன்பக்கம் எவ்வளவு பெரிதாக என்ன எழுதியிருந்தாலும் சட்டப்படி அவர்கள் ஒப்புக்கொண்டது பின்பக்கத்தில் இருப்பதைத்தான். கேன்சரைக் குணமாக்கும் என்றே விளம்பரம் செய்தால், 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி அது குற்றம். அமெரிக்காவிலும் இந்த மாதிரி ஒரு தயாரிப்பு முதுமையைத் திருப்பும் என்று ஆதாரமில்லாமல் சொன்னதற்காக 2018-இல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

அடுத்தது, விற்பவர் கொடுக்கும் நோட்டீஸில் இருக்கும் நோபல் பரிசுப் படம். பரிசு உண்மைதான், 2009-இல் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் கொடுத்தார்கள், ஆனால் எந்த மாத்திரைக்காகவும் இல்லை. ஆரணிப் பட்டின் முந்தானையில் நூல் பிரியாமல் குஞ்சம் முடிந்து விடுவார்களே, அதுபோல குரோமோசோமின் இரு முனையிலும் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்து டிஎன்ஏ துண்டு ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது. அதுதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதில் கொஞ்சம் குறையும். நம் சாதாரண செல்களை வெளியே வளர்த்தால் நாற்பது, அறுபது தடவை பிரிந்துவிட்டு நின்றுவிடும் என்று ஹேஃப்ளிக் என்ற விஞ்ஞானி 1961-லேயே காட்டிவிட்டார். குறைந்ததை மறுபடி சேர்க்கும் என்சைம்தான் டெலோமரேஸ். குளத்துத் தண்ணீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரில் அதன் அடையாளத்தை கிரைடர் முதலில் பார்த்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று. விடுமுறையிலும் லேபுக்குப் போயிருக்கிறார்!

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: டெலோமரேஸைத் தட்டி எழுப்பினால் அது யாருக்கு வேலை செய்யும்? மனித உடலில் பெரும்பாலான செல்களில் இந்த என்சைம் அணைந்து கிடக்கிறது. விந்து உற்பத்தி செய்யும் செல்கள், ஸ்டெம் செல்கள், சில ரத்த அணுக்கள் என்று ஒரு சில இடங்களில்தான் அதற்கு வேலை. ஆனால் கேன்சர்களில் 85 முதல் 90 சதவீதம் வரை இதை மறுபடி முடுக்கிவிட்டுத்தான் ஓயாமல் பிரிகின்றன. 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க லேப்களில் பெருகிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிறவியிலேயே டெலோமியர் நீளமாக இருப்பவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு சற்றுக் குறைவு, ஆனால் சிலவகைக் கேன்சர் வாய்ப்பு அதிகம் என்று 2017-இல் வந்த பெரிய மரபணு ஆய்வு சொல்கிறது. இளமை, கேன்சர் இரண்டுக்கும் ஒரே ஸ்விட்ச் என்றால், அதில் கை வைக்கும் கேப்ஸ்யூலுக்கு ஆதாரம் கேட்பது நியாயம்தானே.

எலி ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். 2010-இல் முதுமை திரும்பியதாகச் சொல்லப்படும் எலிகள், டெலோமரேஸே இல்லாமல் உருவாக்கப்பட்டு, பின்னால் அதைத் திருப்பிக் கொடுக்கப்பட்டவை. 2012-இல் ஸ்பெயினில் மரியா பிளாஸ்கோவின் குழு, மரபணு சிகிச்சை கொடுத்து ஒரு வயது எலிகளின் ஆயுளை 24 சதவீதமும் இரண்டு வயது எலிகளின் ஆயுளை 13 சதவீதமும் கூட்டியது, கேன்சரும் அதிகமாகவில்லை. நல்ல ஆய்வு, மறுப்பதற்கில்லை. ஆனால் அது வைரஸ் வழியாகக் கொடுத்த மரபணு, கேப்ஸ்யூலில் அடைத்த வேர்ப்பொடி இல்லை. இன்னொன்று, எலியின் டெலோமியர் நம்முடையதைவிட நீளம், ஆயுளோ இரண்டு மூன்று வருஷம். நீளம்தான் ஆயுள் என்றால் இந்தக் கணக்கு எப்படி இடிக்கிறது?

சரி, மாத்திரை வேண்டாம், ரத்தம் கொடுத்து டெலோமியர் வயதாவது பார்க்கலாமே என்பார்கள். ஒரு பேப்பரை எடுங்கள். பெரியவர்களின் வெள்ளை அணுக்களில் டெலோமியர் சராசரியாக 6,500 டிஎன்ஏ எழுத்து என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குக் குறைவது 20, 30 எழுத்துதான். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை ஓட்டினாலே பிசிஆர் என்ற லேப் முறையில் சில சதவீதம் முன்பின் வரும். ஐந்து சதவீதம் என்றால் 325 எழுத்து, வருஷத்துக்கு 25 என்று வைத்தால் பதின்மூன்று வருஷம்! ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். இந்த மாதம் எடுத்து, கேப்ஸ்யூல் சாப்பிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தால் வயது குறைந்த மாதிரியும் காட்டும், கூடிய மாதிரியும் காட்டும். குறைந்தால் மாத்திரைக்குப் பெயர், கூடினால் இன்னும் ஆறு மாதம் சாப்பிடச் சொல்வார்கள். அந்தக் காசுக்கு பிபி, சுகர், கொலஸ்ட்ரால் பார்த்துவிட்டு மிச்சத்தில் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கலாம் (சுகர் நார்மலாக இருந்தால்).

கேன்சர் சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் இதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருங்கள். ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டிருந்தால் பாட்டிலோடு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், திட்டுவாரே என்று மறைக்க வேண்டாம். டெலோமரேஸை அடக்கும் மருந்தும் இருக்கிறது, இமெடல்ஸ்டாட் என்று பெயர். 2024 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோயில், ஆபத்து குறைந்த வகையில், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருப்பவர்களுக்கு மட்டும். எல்லாக் கேன்சருக்குமான மருந்து இல்லை.

பரம்பரைக் கோளாறால் டெலோமியர் மிகவும் குட்டையாக இருந்து, உண்மையிலேயே டெலோமியர் டெஸ்ட் தேவைப்படும் குடும்பங்களும் உண்டு, அவர்கள் கண்ணில்தான் இந்த விஷயம் படாமல் போகிறது. சிறு வயதிலேயே நகம் சொத்தையாகி உதிர்வது, கழுத்தில் வலைபோலக் கறுப்பு, புகையிலை தொடாதவர் வாயில் வெள்ளைப் படலம், காரணம் தெரியாமல் இறங்கிக்கொண்டே போகும் பிளேட்லெட், குடும்பத்தில் ஒருவருக்கு மேல் நுரையீரல் தழும்பு நோய் — இதில் சில சேர்ந்து தெரிந்தால் ரத்தநோய் நிபுணரைப் பாருங்கள். அங்கே செய்வது ஃப்ளோ ஃபிஷ் என்ற வேறு முறை. அதே வயதுள்ளவர்களில் கடைசி ஒரு சதவீதத்துக்கும் கீழே அளவு போகிறதா என்று பார்ப்பார்கள். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, நுரையீரல், கல்லீரல் நோயில் இறந்த உறவினர்களின் வயதையும் எழுதி எடுத்துப் போங்கள். மஜ்ஜை மாற்று வரை பேச்சு போனால், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1986 முதலே அது நடக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் அண்ணனோ தங்கையோ மஜ்ஜை கொடுக்க முன்வந்தால், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அதே மரபணுக் கோளாறு அவருக்கும் இருக்கலாம், அவரையும் சோதிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.